அந்த ஊட்டுக் காசு

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் கைக்கு வந்ததும் எங்கள் பனியன் கம்பெனியில் ஆளுக்கொரு திசையாகப் பறப்பார்கள். பேக்கரிக்கு ஒரு கூட்டம், சீட்டுக்காரரைப் பார்க்க ஒரு கூட்டம், மளிகைக் கடைப் பாக்கியை அடைக்க ஒரு கூட்டம். ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அந்த அக்கா மட்டும் என் மேசைக்கு எதிரிலேயே நின்று கவரைப் பிரிப்பார். இரண்டு தடவை எண்ணுவார். அதிலிருந்து ஆயிரம் ரூபாயை உருவி என் பக்கம் தள்ளுவார்.

“இதை உள்ள வெச்சுருங்க கண்ணு. அந்த ஊட்டுக் காசு.”

நான் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிவது, ஷிப்ட் கணக்குப் போடுவது, சனிக்கிழமை கவரில் பணம் வைத்துப் பேர் எழுதுவது, இதெல்லாம்தான் என் வேலை. ஊரார் பணத்துக்குக் காவல் இருப்பது என் வேலை இல்லை. என் டிராயருக்கு ஒழுங்கான பூட்டுகூடக் கிடையாது. “ஏங்க்கா, இது என்ன பேங்கா? காணாமப் போச்சுன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது?” என்று கத்துவேன். நான் விருதுநகர்ப் பக்கம். சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு நிற்கிறேன் என்று இந்த ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். அக்கா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

“ஊட்டுல வெச்சா நிக்காதுங்க கண்ணு.”

அவ்வளவுதான் பதில். குரல் ஏறாது, இறங்காது. நான் முணுமுணுத்துக்கொண்டே வாங்கி, காலி நூல்கோன் டப்பா ஒன்றில் போட்டு வைப்பேன். நாலு வாரம் சேர்ந்ததும் நாலாயிரமாக எடுத்துக்கொண்டு போய்ப் பேங்கில் கட்டிவிட்டு, மதியத்துக்குள் மெஷினுக்கு வந்துவிடுவார். அரை நாள் சம்பளம் போகும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் மாதத்தை ஓட்டினார்.

அந்த ஊடு என்பது அவருடைய வீட்டுக்காரரின் முதல் மனைவி வீடு. அனுப்பர்பாளையத்தில் இருந்தது. அங்கே ஒரு பெண் குழந்தை. பிரிந்தபோது, குழந்தைக்கு மாதம் நாலாயிரம் தகப்பன் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. கொடுக்க வேண்டியவர் அக்காவின் வீட்டுக்காரர். எடுத்து வைத்தவர் அக்கா.

கல்யாணத்துக்கு முன்னால் அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்டிருக்கிறேன். முதல் கல்யாணம் தெரியும், பெண் இருப்பதும் தெரியும். எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்களாம். பேசித்தான் முடித்திருக்கிறார்கள், கொடுத்து முடிக்கவில்லை. இதை நான் சொன்னபோது நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. துணி பிழிந்துகொண்டிருந்தார், பிழிந்து முடித்தார்.

நல்லூரில் ஒரே காம்பவுண்டில் எட்டு வீடு. அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நான். அவர் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர், வேறொரு கம்பெனியில். கெட்ட மனிதர் என்று சொல்ல மனம் வராது. சிரித்த முகம். பையனைத் தோளை விட்டு இறக்கமாட்டார். எங்கள் குழாய் ரிப்பேரானால் கூப்பிடாமலே ஸ்பேனரோடு வந்து நிற்பார். காகிதம் ஒன்றுதான் அவருக்கு ஆகாது. கரண்ட் பில் வந்தாலும் சரி, கோர்ட் நோட்டீஸ் வந்தாலும் சரி, டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடுவார். திங்கட்கிழமை வேலைக்குப் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமை குடித்தது தெளியாது.

போலீஸ்காரர் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். பையனுக்கு அப்போது மூன்று வயது. மாஸ்டர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பாத்ரூமில் இருந்தார். வாசலில் போலீஸ் குரல் கேட்டதும் உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அக்கா வெளியே வந்து பார்த்தார்.

“வாங்க சாமி, உக்காருங்க. காபி வெக்கட்டுங்களா?”

வாரண்டோடு வந்தவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம்மா என்று சொல்லிக்கொண்டே சேரில் உட்கார்ந்தார். அக்கா காபி வைத்துக் கொடுத்துவிட்டு, காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். காம்பவுண்டில் கோர்ட் தமிழ் படிக்கிறவள் நான் ஒருத்திதான். முப்பத்தாறு மாதம் ஜீவனாம்சம் கட்டவில்லை, பாக்கி ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம், குறித்த தேதியில் ஆஜராக வேண்டும் என்று படித்தேன். அக்காவின் சம்பளம் அப்போது வாரத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, அதுவும் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்.

“இதுல இந்த மாசத்தது சேந்துருக்குதுங்களா?” என்று கேட்டார் அக்கா.

சேரவில்லை என்றேன். “அப்ப அது ஒரு நாலு” என்றார்.

போலீஸ்காரர் போன பிறகுதான் மாஸ்டர் துண்டோடு வெளியே வந்தார். “சும்மா மெரட்டறானுங்க” என்று சொல்லிச் சோற்றுக்கு உட்கார்ந்தார். அக்கா சோறு போட்டார். பிறகு டிவி ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் இருந்த ஐந்து நோட்டீஸையும் எடுத்துத் தூசி தட்டி, தேதி வாரியாக அடுக்கி என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். நானாக இருந்தால் அந்தச் சோற்றுத் தட்டை எடுத்து எறிந்திருப்பேன். அன்றைக்கு எனக்கு மாஸ்டர் மேல் வந்த கோபத்தைவிட அக்கா மேல்தான் அதிகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமைதான் முதல் ஆயிரம் என் டிராயருக்கு வந்தது.

எல்லாரும் அக்காவைப் பெரிய மனசுக்காரி என்றார்கள். மூத்தாள் பிள்ளைக்கு இளையாள் உழைத்துப் போடுகிறாளே, தெய்வம், என்று துணி செக்கிங் பிரிவில் ஒரு அம்மா கையெடுத்தே கும்பிட்டார். அக்கா அந்த அம்மாவிடம், “பாசமெல்லாம் இல்லீங்க. அந்தப் புள்ளைய நான் பாத்ததுகூட இல்ல. எடுத்து வெக்கலீனா அவரு உள்ள போயிருவாரு. அவரு போயிட்டா வாடகை ஆரு குடுக்கறது?” என்று சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த அம்மா தெய்வம் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

உண்மைதான். பாசத்தில் செய்கிறவருக்கு ஒரு நாளாவது முகம் மலரும். வெறுப்பில் செய்கிறவருக்கு வாயாவது கசக்கும். அக்காவிடம் இரண்டும் இல்லை. துணியின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து ஓட்டுகிற மாதிரி மாதத்தை ஓட்டினார். எதை முதலில் எடுத்து வைப்பது என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியும், அதை மட்டும் விடமாட்டார்.

ஒரு தடவை பையனுக்குக் காய்ச்சல், நாலு நாளாக இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி, முன்பணம் மூவாயிரம் கட்டு என்றார்கள். மாஸ்டரிடம் பணம் இல்லை. என் டிராயரில் மூவாயிரம் இருந்தது. நான் டப்பாவோடு ஓடினேன். அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இதைக் கட்டுங்க முதல்ல” என்றேன்.

“அது அந்த ஊட்டுதுங்க கண்ணு.”

“பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, இப்பப் போயி அந்த ஊடு இந்த ஊடுன்னுக்கிட்டு! உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“வட்டிக்காரருக்குச் சொல்லியிருக்கறனுங்க. இப்ப வந்துருவாரு.” பையனின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டார். “இதுல கை வெச்சனா அடுத்த மாசம் எட்டு எடுத்து வெக்கோணும். எட்டு என்னால முடியாது. முடியலீனா மறுக்கா பாக்கி ஏறும். வட்டின்னா வாரம் முந்நூறு, அது தெரிஞ்ச கணக்குங்க.”

அரை மணி நேரம் காத்திருந்தோம். அந்த அரை மணி நேரமும் மூவாயிரம் ரூபாய் என் மடியில் இருந்தது, பையன் முனகிக்கொண்டிருந்தான். வட்டிக்காரர் வந்தார், பணம் கட்டினார்கள், பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் எனக்கு அன்றிலிருந்து அக்காவைப் பார்த்தால் கொஞ்சம் பயம் வரும். இவர் எதையும் எடுத்து வைத்துவிடுவார் போலிருக்கிறதே என்று தோன்றும். பையனின் தலையில் கைவைத்தபடி கணக்குச் சொன்ன அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை.

கோர்ட்டில் மாஸ்டர் ஆஜரானபோது நீதிபதி, இரண்டு மாதத்துக்குள் முதல் தவணையாக நாற்பதாயிரம் கட்ட வேண்டும், மீதியைப் பிறகு தவணையில் அடைக்கலாம், கட்டாவிட்டால் ஒரு மாதம் ஜெயில் என்று சொல்லியிருந்தார். அக்கா ஐம்பதாயிரம் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்தார், தள்ளுபடி போகக் கைக்கு முப்பத்தொன்றுதான் வந்தது. தோட்டை அடகு வைத்து ஒன்பது. நாற்பது சேர்ந்துவிட்டது. கொண்டுபோய்க் கோர்ட்டில் கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து அந்த ஊட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாள். அனுப்பர்பாளையத்தில் மண்டபம் பிடித்துச் சீர் செய்கிறார்கள் என்று தகவல் வந்தது. அழைப்பு எல்லாம் இல்லை. மாஸ்டர்தான் யோசனை சொன்னார்: பணத்தைக் கோர்ட்டில் போட்டால் யாருக்குத் தெரியும், நாலு சொந்தம் பார்க்க மண்டபத்தில் கொடுத்தால் நாளைக்கு ஒருத்தரும் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அக்காவும் யோசித்துச் சரிதான் என்றார். மொய் நோட்டில் ஏறினால் அது அழியாது, வழிவழியாக வைத்திருப்பார்கள், அதைவிட ஒரு ரசீது உண்டா? தீர்ப்பில் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. அதைப் படித்துச் சொன்னவளே நான்தான். எங்கள் பக்கமும் மொய் என்றால் உயிர், நானும்தான் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல வரும்.

அக்கா மட்டும் தனியாகப் போனார். மாஸ்டருக்கு அந்த வாசலை மிதிக்கத் துணிச்சல் இல்லை. மொய் மேசையில் பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார்கள். பக்கத்திலேயே முதல் மனைவியின் அண்ணன் நின்றிருந்தாராம்.

“எங்கூட்டுக்காரரு பேரைச் சொன்னா நோட்டை மூடி வெச்சுருவாங்களோன்னு இருந்துச்சுங்க கண்ணு” என்று திரும்பி வந்து சொன்னார். “அதனால என்ற பேரையே சொல்லிட்டேன். நல்லூருன்னு போட்டுக்கிட்டாங்க.”

“பொண்ணைப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. நீங்க ஆருன்னு கேட்டுது. பனியன் கம்பெனிங்கன்னேன். ஜாக்கெட்டு சைடுல இழுத்துப் புடிச்சுருந்துச்சு. தையல் சரியில்ல.”

அந்தப் பெண்ணைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அது மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்துக் கோர்ட். நானும் லீவு போட்டுப் போனேன். முதல் மனைவியை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாத்திரக் கடையில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிற வேலையாம். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். நாற்பதாயிரம் கொடுத்தாகிவிட்டது என்று எங்கள் வக்கீல் சொன்னார். நீதிபதி அந்த அம்மாவிடம் கேட்டார்.

“குடுத்தாங்க சாமி. இல்லீனு சொல்லல” என்றார் அந்த அம்மா. “ஆனா அது மொய்யுங்க. அந்த அக்கா பேருல எழுதியிருக்குது. மொய்ய நான் திருப்பிச் செய்யோணும். அவரு குடுக்க வேண்டிய பாக்கியில அதை எப்படிங்க கழிக்கறது?”

பொய் இல்லை, வஞ்சம் இல்லை. நோட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாற்பதாயிரம், அக்கா பேர், நல்லூர். மாஸ்டரின் பேர் எந்த மூலையிலும் இல்லை. பாக்கி அப்படியே நிற்கிறது, ஒரு மாதம் ஜெயில், நடுவில் நாற்பதாயிரம் கட்டினால் விட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாஸ்டர் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். அக்கா பஸ் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் நான்தான் சொன்னேன். “ஏங்க்கா, மொய்ன்னா திரும்பி வரணும்ல? நம்ம வீட்டுல ஒரு விசேஷம் வெச்சா அவங்க செய்யணும்ல?”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “பையனுக்கு இன்னும் காது குத்தல” என்றார்.

இப்படி ஒரு காதுகுத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தகப்பன் ஜெயிலில், பையனுக்கு மொட்டை. எட்டே நாளில் ஏற்பாடு. அக்காவின் தம்பி மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அப்பன் எங்கே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். “ஷிப்மெண்ட் அவசரமுங்க, கம்பெனில உடலீங்க” என்றார் அக்கா. திருப்பூரில் இந்தப் பதிலுக்கு மேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அனுப்பர்பாளையத்துக்கு அவரே நேரில் போய், பாத்திரக் கடையில் நின்று, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தார். அந்த அம்மா கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, “எப்பங்க?” என்று மட்டும் கேட்டாராம். ஏன் என்று கேட்கவில்லையாம். கேட்க என்ன இருக்கிறது?

மொய் எழுத உட்கார்ந்தது நான். அந்த அம்மா வந்தார், மகளைக் கூட்டிவரவில்லை. பையிலிருந்து எடுத்தது அக்கா கொடுத்த அதே மஞ்சள் கவர். அதில் ஒரு நோட்டைக்கூடத் தொட்டிருக்கவில்லை. மேலே தனியாக ஆயிரம் ரூபாய். வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தானே செய்ய வேண்டும்? நாற்பத்தோராயிரம் என்று எழுதினேன். இந்த இரண்டு பெண்களையும் இப்படி ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் கொண்டுவந்து நிறுத்திய மனிதன் மேல் அப்போது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்த அம்மா குனிந்து மெதுவாகக் கேட்டார். “நாளைக்கே கோர்ட்டுல கட்டிருவாங்கல்லங்க?”

“கட்டிருவாங்கம்மா.”

“சரிங்க. பாப்பாவுக்குப் பீஸ் கட்டோணும். இந்த வாரம் கடைசி.”

சாப்பிட்டுவிட்டுப் போனார். அக்காவே பக்கத்தில் நின்று பரிமாறினார். ரசம் போதுமா என்று கேட்டார், போதும் என்றார் அந்த அம்மா.

மறுநாள் பணம் கட்டினோம். அந்த அம்மா திருப்பிக் கொடுத்த பணம் கோர்ட் வழியாக அந்த அம்மாவுக்கே போனது. மாஸ்டர் வெளியே வந்தார். வீட்டுக்கு வந்து குளித்து, பையனின் காதைத் தொட்டுப் பார்த்து அழுதார். பாவமாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், “நாப்பத்தொண்ணு வந்துச்சாமா? அந்த ஆயிரம் எங்க?” என்று கேட்டார். அந்த ஆயிரம் என் டிராயரில் இருந்தது. அது இனி அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குச் செய்ய வேண்டிய மொய், அதனால் தனிக் கவர்.

மீதி ஒரு லட்சத்து நாலாயிரத்தை அடைக்க நாலு வருஷம் பிடித்தது. மாதா மாதம் நாலாயிரம் ஒரு பக்கம், தவணை ஒரு பக்கம். அந்த நாலு வருஷத்தில் அக்கா ஒரு புடவை எடுத்து நான் பார்க்கவில்லை. தீபாவளி போனஸ் வந்தால் பையனுக்குச் சட்டை, மற்றதெல்லாம் தவணைக்கு. அடகுத் தோடு முழுகிப்போனது. காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தார். மாஸ்டர் சில வாரம் கொடுப்பார், சில வாரம் கொடுக்கமாட்டார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். ஏன் கேட்கவில்லை என்று நான் கத்தினால், “கேக்கற நேரத்துக்கு ரெண்டு கட்டுத் துணி ஓட்டிரலாமுங்க” என்பார். கடைசித் தவணை கட்டிய கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்தது, மாதப் பணமும் நின்றது.

கடைசித் தவணை ரசீதோடு கம்பெனிக்கு வந்தவரை நான் வாசலிலேயே மறித்தேன். ஒரு பாக்கெட் ஜிலேபி வாங்கி வைத்திருந்தேன்.

“எப்படிக்கா இருக்கு இப்ப?”

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே தேடிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். “ஒண்ணும் இல்லீங்க கண்ணு” என்றார். ஒரு ஜிலேபியைப் பாதி தின்றுவிட்டு, மீதியைப் பையனுக்கென்று காகிதத்தில் சுற்றிக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கொரோனாவில் கம்பெனி மூடியது மூடியதுதான். நான் கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன், மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். அக்கா வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், காம்பவுண்டையும் மாற்றிவிட்டார். எப்போதாவது போனில் பேசுவோம். ஒரு நாள் காலையில் கடைக்கு வந்து, மற்றவர்களின் வரிசையிலேயே நின்றார். பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான், அவனுக்குப் பதினொரு வயது ஆகியிருந்தது. முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அவரு போயிட்டாருங்க கண்ணு. ஆறு மாசம் ஆச்சு.”

செக்கிங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணோடு தனி வீடு எடுத்திருக்கிறாராம். சண்டையெல்லாம் போடவில்லையாம். ஒரு திங்கட்கிழமை துணிமணியை எடுத்துக்கொண்டு போனாராம். பையனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனாராம். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

“பையனுக்கு மனுப் போடோணும்” என்றார். “எப்படி எழுதறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

எனக்கு அப்படியொரு சந்தோஷம். முதல் தடவையாக இந்த மனுஷி தனக்கென்று ஒன்று கேட்கிறாரே! மற்ற வேலையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு எழுதினேன். கட்டிங் மாஸ்டர், வாரச் சம்பளம் எட்டாயிரத்துக்குக் குறையாது, மைனர் மகனுக்கு மாதம் எட்டாயிரம் வழங்க உத்தரவிட வேண்டும் என்று அழுத்தம் திருத்தமாக எழுதி, படித்தும் காட்டினேன். அக்கா கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினார். போடவில்லை.

“எட்டு வேண்டாங்க கண்ணு. அஞ்சு போடுங்க.”

“ஏங்க்கா? அந்தாளு ஒரு வாரம் வாங்குறது எட்டு. மாசத்துக்கு எட்டு குடுக்க முடியாதா? உங்க பையன் காசு இது. ஒரு ரூபா குறைக்க விடமாட்டேன்.”

“அவரு வாங்குவாருங்க.” பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். “எடுத்து வெக்கறது இப்ப அவருகூட இருக்கற அந்தப் புள்ளதான் வெக்கோணும். செக்கிங்குல ஒன்றரை ஷிப்ட் பாத்தாலும் வாரத்துக்கு மூணு, மூணேகாலுதானுங்க. வாடகை போக எட்டு எடுத்து வெச்சா அது எதைத் திங்கும்? ரெண்டு மாசம் கட்டும், அப்பறம் நின்னுபோவும்.”

அவர் முகத்தில் இரக்கம் இருந்தது என்று நான் சொன்னால் அது பொய். எந்த மாதம் எவ்வளவு வரும் என்று பார்க்கிற முகம்தான் அது.

“அஞ்சுன்னா மாசாமாசம் வந்துருமுங்க” என்றார்.

எட்டை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டார். போட வேண்டும் என்றேன். போட்டார்.